ஒரு கொக்கி எப்போதும் இரும்பிலே!

மின்சாரக் கோபுரத்தின் உச்சியில் எறும்புபோல் ஒரு மனிதர் தெரிந்தால், தரையில் நிற்கும் நமக்குக் கால் கூசுகிறது! ஆனால் அங்கே உட்கார்ந்து வேலை செய்யும்போது அவர் பட்டையால் கட்டிக்கொண்டிருப்பார். ஏறும்போதும் இறங்கும்போதும், சட்டம் விட்டுச் சட்டம் மாறும்போதும்தான் கண்டம்!

அமெரிக்காவைப் பாருங்கள். 1891-ல் அங்கே மின் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கிய ஹென்றி மில்லரே ஒரு லைன்மேன். 1896-ல் கம்பத்தில் மின்சாரம் தாக்கி, விழுந்து இறந்தார். ஆயினும் தேர்ந்த தொழிலாளி கட்டிக்கொள்ளாமலே ஏறலாம் என்ற சலுகை அந்நாட்டு விதியில் 2015 மார்ச் வரை இருந்தது. அனுபவசாலிக்குக் கால் வழுக்காது என்ற எண்ணம் போலும்!

இப்போதைய உபாயம் எளிது. இரண்டு கயிறு, இரண்டு கொக்கி. மேலே ஒன்றை மாட்டிய பிறகே கீழே உள்ளதைக் கழற்ற வேண்டும். நேரம் பிடிக்கும், கை கடுக்கும். ஆனால் 6 அடி விழுவதற்கு ஒரு விநாடிகூட ஆகாதே! அதற்குள் எதைப் பிடிப்பது?

தடுத்து நிறுத்தினால் மட்டும் போதுமா? இடுப்புப் பட்டை மட்டும் இருந்தால், அந்த வெட்டு இழுப்பு வயிற்றையும் முதுகெலும்பையும் பதம் பார்த்துவிடும். ஆகவே தோள், மார்பு, தொடை மூன்றையும் அணைக்கும் பட்டைக் கவசம் வந்தது. கயிற்றோடு மடித்துத் தைத்த நாடா ஒன்றும் உண்டு. இழுப்பு வந்ததும் தையல் பிரிந்து பிரிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்.

பிழைத்தவர் அசையாமல் தொங்கினால் ரத்தம் கால்களில் தேங்கும், நினைவு தப்பும். சில நிமிஷங்களில் இறக்கியாக வேண்டும். அதற்கான கயிறும் கப்பியும், அவற்றைக் கையாளத் தெரிந்த ஆளும், முதல் படியில் கால் வைக்கும் முன்பே கோபுரத்தடியில் தயாராக இருக்க வேண்டும்.