விலை இறங்கும், செலவு இறங்காது

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால், சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டியதும் மஹிந்திரா சிட்டி வரும். 2007 மார்ச்சிலிருந்து பி.எம்.டபிள்யூ. கார்களை அங்கேதான் பூட்டி அனுப்புகிறார்கள். 2015 முதல் அவற்றுக்கான இன்ஜின்களை ஃபோர்ஸ் மோட்டார்ஸ் அதே மஹிந்திரா சிட்டியில் கோத்துக் கொடுக்கிறது. புதிதாக அறுபது லட்ச ரூபாய்க்கு விற்ற கார் பத்து வருடம் கழித்து அதே சாலையோரத்துப் பழைய கார் கடைக்கு வந்து நிற்கும்போது, புது கிரெட்டாவின் விலைக்குக் கிடைக்கிறது. பெயிண்ட் மங்கவில்லை, சீட் கிழியவில்லை, கதவைச் சாத்தினால் இன்றும் அதே கனமான சத்தம். பின்னே விலை மட்டும் எங்கே போயிற்று?

எனக்கு மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயர் வேலை. அடிபட்டதோ, எரிந்ததோ, தண்ணீரில் மூழ்கியதோ, வண்டியைப் போய்ப் பார்த்து நஷ்டம் எவ்வளவு என்று அறிக்கை கொடுப்பேன். இந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் கையிலேயே ஓர் அட்டவணையாக இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். ஐ.டி.வி. என்கிற காப்பீட்டு மதிப்புக்கு ஓர் அட்டவணை உண்டுதான். ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஒரு வருடத்துக்குள் 15, இரண்டாம் வருடம் முடிய 20, மூன்றுக்கு 30, நான்குக்கு 40, ஐந்துக்கு 50 என்று தேய்மானம் கழிப்போம். ஆனால் ஆல்டோவுக்கும் அதே அட்டவணை, எஸ் கிளாஸ் பென்ஸுக்கும் அதே அட்டவணை. சந்தை அப்படிச் சமமாகப் பார்ப்பதில்லை. ஐந்து வயது ஆல்டோவைக் கேட்டு ஆள் வருவார்கள். ஐந்து வயது பென்ஸுக்கு ஆளைத் தேட வேண்டும்.

முதலில் வரியைச் சொல்லிவிடுகிறேன். ஷோரூம் விலை 1 கோடி என்றால், பெரிய கார்களுக்கான 40 சதவீத ஜி.எஸ்.டி. மட்டும் அதில் 28 லட்சத்துக்கு மேல். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 20 லட்சத்தைத் தாண்டிய காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம், அதாவது இன்னொரு 20 லட்சம். கையைவிட்டுப் போன 1 கோடியே 20 லட்சத்தில் 48 லட்சம் அரசுக்குப் போயிருக்கிறது. இரண்டாவது ஆள் பேரம் பேசும்போது ஷோரூம் விலையிலிருந்துதான் இறங்கத் தொடங்குவார். ஆயுள் வரியை அவர் நினைப்பதேயில்லை. வரி மாறினால் இன்னும் மோசம். 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு பெரிய எஸ்.யு.வி.க்கு செஸ் சேர்த்து 50 சதவீதம் இருந்தது. வரிக்கு முன் 70 லட்சம் உள்ள வண்டி முந்தின நாள்வரை 1 கோடியே 5 லட்சம், அன்று 98 லட்சம். ஆகஸ்டில் வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தியவருக்கு, ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமலே ஏழு லட்சம் போயிற்று. முழுதாக இறக்குமதியாகும் விலை உயர்ந்த கார்களுக்குச் சுங்கமே 110 சதவீதம். 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தப்படி, ஒதுக்கீட்டு எண்ணிக்கைக்குள் வரும் கார்களுக்கு அது படிப்படியாக 10 சதவீதத்துக்கு இறங்கும். நாளைக்குப் புதுசே மலிவாகும் என்று தெரிந்தால் இன்றைக்குப் பழசுக்கு யார் நல்ல விலை தருவார்கள்?

ஆனால் வரி பாதிக் காரணம்கூட இல்லை. சேலையூரிலிருந்து ஓ.எம்.ஆருக்கு வேலைக்குப் போகும் ஒரு தம்பி அண்மையில் கேட்டதில்தான் மீதி இருக்கிறது.

"சார், வண்டி பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கு. பன்னெண்டு லட்சம் சொல்றாங்க. எடுத்துடலாமா?"

"பன்னெண்டு லட்சம் உன் கணக்குக்குத் தம்பி. வண்டிக்கு அது தெரியாது. அது அறுபது லட்சத்து வண்டியாத்தான் செலவு கேட்கும்."

நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். காரின் விலை வருடா வருடம் இறங்குகிறது. அதன் உதிரிப் பாகங்களின் விலை இறங்குவதில்லை, ஏறுகிறது. ஏர் சஸ்பென்ஷன் ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டால், கம்பெனி பணிமனையில் அந்த ஒரு பக்கத்துக்கே செலவு லட்சத்தைத் தாண்டும். முகப்பு விளக்கு உடைந்தால் முழு யூனிட்டாக மாற்று என்பார்கள். பக்கவாட்டில் இரண்டு விரல் அகலமே ரப்பர் உள்ள டயர்கள், மேடவாக்கம் வேளச்சேரி சாலையின் பள்ளங்களில் அடிவாங்கிப் பக்கவாட்டில் புடைத்துக்கொள்ளும். பேட்டரி மாற்றினால்கூட, பல ஜெர்மன் வண்டிகளில் கம்ப்யூட்டரைக் கோத்துப் புது பேட்டரி போட்டதை அதற்குச் சொல்ல வேண்டும். ராஜகீழ்ப்பாக்கத்தில் தெரு முனையில் இருக்கும் மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அந்தக் கருவியும் மென்பொருளும் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது.

அறுபது லட்சம் கொடுத்து வாங்கியவரால் வருடத்துக்கு இரண்டு லட்சம் செலவழிக்க முடியும். பன்னிரண்டு லட்சத்தையே தவணையில் கட்டுபவரால் முடியாது. முதல் ஆளுக்கோ பழைய வண்டி தேவையில்லை. பெரும்பாலும் கம்பெனி பெயரில் வாங்கியிருப்பார், வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் காட்டியிருப்பார், வாரண்டி முடியும் நேரத்தில் கைமாற்றிவிடுவார். வாங்க வசதி உள்ளவர் பழசை விரும்புவதில்லை, பழசை விரும்புபவருக்குப் பராமரிக்க வசதியில்லை. அந்த இடைவெளிக்குள்தான் விலை விழுகிறது. வரப்போகும் ரிப்பேர் செலவை முன்கூட்டியே கழித்த தொகைதான் அந்தப் பன்னிரண்டு லட்சம்.

வேகத்துக்கென்றே செய்த வண்டிகளில் இது இன்னும் கடுமை. சின்ன இன்ஜினிலிருந்து பெரிய சக்தியை டர்போ வைத்துப் பிழிந்தெடுக்கிறார்கள். டர்போவின் சூடு, சென்னையின் சூடு, பெருங்களத்தூர் வண்டலூர் நெரிசலில் ஊர்ந்து நிற்கும் சூடு எல்லாம் சேர்ந்து கூலன்ட் ஓடும் பிளாஸ்டிக் குழாய்களையும் இணைப்புகளையும் நொறுங்க வைக்கும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 டீசல் வண்டியில், கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி உண்டு. சீரான வேகத்தில் நெடுந்தூரம் ஓடினால்தான் அந்தக் கரி எரியும். தாம்பரத்திலிருந்து பல்லாவரம் போய்வருவதோடு நிற்கும் வண்டியில் அடைத்துக்கொள்ளும். முந்தைய ஓனர் இன்ஜின் மென்பொருளை மாற்றி ரீமேப் செய்து, ஈ.சி.ஆரில் ராத்திரி விரட்டிவிட்டு, விற்பதற்கு முன் பழையபடி மாற்றி வைத்திருந்தால் வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கஷ்டம்.

தெரியாத பழங்கதைக்கு எங்கள் பகுதியில் வெள்ளம் என்று பெயர். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்றின் தண்ணீர் வீடுகளின் முதல் மாடியைத் தொடப் பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரியை மூழ்கடித்தது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை மேம்பாலங்களில் மக்கள் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவர்கள் செய்தது சரி. சிறிய காரில் தரை விரிப்பு நனைந்தால் காயவைத்து ஓட்டிவிடலாம். சொகுசுக் காரில் எலக்ட்ரானிக் பெட்டிகள் சீட்டுக்கு அடியில், விரிப்புக்குக் கீழே, டிக்கியின் தரையில் என்று தாழ்வான இடங்களில்தான் இருக்கும். சில மாடல்களில் பேட்டரியே டிக்கிக்குள். முழங்கால் அளவுத் தண்ணீர் போதும், ஒயரிங் முழுவதும் சந்தேகத்துக்குரியதாகிவிடும். தண்ணீரில் ஸ்டார்ட் செய்துவிட்டாலோ, காற்றோடு சிலிண்டருக்குள் போகும் தண்ணீர் அமுங்காது; பிஸ்டனைத் தள்ளும் ராடுதான் வளையும். அந்தச் செலவை இன்ஜின் புரொடெக்ட் என்று தனியாக எடுத்திருந்தால்தான் இன்ஷூரன்ஸ் ஏற்கும்.

ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ் என்று எழுதிவிடுவோம். பன்னிரண்டு லட்சம் மதிப்புள்ள வண்டிக்கு ஒன்பது லட்சம் தாண்டினாலே போதும். நான் சொன்ன உதிரிப் பாக விலையில் அது வெகு சீக்கிரம் வந்துவிடும். அப்படி எழுதிய வண்டிகள் எல்லாமே உடைக்கப்படுவதில்லை. சால்வேஜ் ஏலத்தில் வாங்குகிறவர்கள் சிலர் காயவைத்து, வாசனை அடித்து, சீட் கவர் மாற்றி, வேறு ஊரில் விற்கிறார்கள். எனக்கு இதில் உண்மையான கோபம் உண்டு. பணம் போவதை விடுங்கள், பிரேக்கையும் ஏர்பேக்கையும் இயக்கும் ஒயரில் களிம்பு ஏறிய வண்டியில் ஒரு குடும்பம் நெடுஞ்சாலையில் போகிறது.

ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது, வாங்குபவர் மோசமான வண்டியை மனதில் வைத்தே விலை சொல்வார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமில்லாமல் விலகிவிடுவார். சந்தையில் மோசமானவை மிஞ்சும் என்பது அவர் வாதம். ஒரு தவறு சில ஆயிரத்தில் முடியும் சின்னக் காரில் இந்தப் பயம் குறைவு, லட்சங்களில் முடியும் காரில் அதிகம். டெல்லியில் 10 வயதான டீசலும் 15 வயதான பெட்ரோலும் ஓடக் கூடாது என்று இருந்த கட்டுப்பாட்டால் தெற்கே வந்த வண்டிகளும் இந்தப் பயத்தைக் கூட்டியிருக்கின்றன.

எல்லா விலை உயர்ந்த வண்டியும் இப்படி விழுவதில்லை. போர்ஷே 911 உலகம் முழுக்க மதிப்பைப் பிடித்து வைக்கிறது: தயாரிப்பு எண்ணிக்கை குறைவு, உருவம் பெரிதாக மாறுவதில்லை, பழசையே விரும்பித் தேடுகிற பணக்காரர்கள் உண்டு. எஸ் கிளாஸும் 7 சீரிஸும் விழுவதற்குக் காரணம், அவற்றை வாங்குபவர்களுக்குப் புதிய மாடல்தான் வேண்டும். எதிர்முனையில் நம் இன்னோவா. ஊருக்கு ஊர் மெக்கானிக், கடைக்குக் கடை பாகம். இன்னோவாவை வாங்கும் டிராவல்ஸ்காரருக்கு, அதைத் தன்னிடமிருந்து வாங்கப்போகும் அடுத்த ஆள் யார் என்பதுகூடத் தெரியும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஆசை விடாது. விட வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தால் தெரியும் ஏன் என்று. பார்த்து வாங்குங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் எளிதில் அழிக்க முடியாது. ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் விரலை விட்டு வண்டல் இருக்கிறதா என்று தடவுங்கள். சேஸிஸ் நம்பரை வைத்துக் கம்பெனி பணிமனையில் சர்வீஸ் வரலாற்றை எடுக்கச் சொல்லுங்கள். பழைய பாலிசி நகலைக் கேளுங்கள். தொடர்ந்து ஐந்து வருடம் க்ளெய்ம் இல்லாத ஓனருக்கு நோ க்ளெய்ம் போனஸ் 50 சதவீதம் இருக்கும். சிங்கிள் ஓனர், ஆறு வயது வண்டி என்கிறார்கள், பாலிசியில் அந்த இடத்தில் பூஜ்யம் இருக்கிறது என்றால், எந்த வருடம் என்ன க்ளெய்ம் என்று கேளுங்கள். வருடம் 2023 என்று வந்தால் வண்டி அப்போது எந்தத் தெருவில் நின்றது என்றும் கேளுங்கள். கையில் இருக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக வங்கியில் வைத்துவிட்டு மீதிக்குள் விலை படிந்தால் முன்பணம் கொடுங்கள்.