பழைய மவுண்டன் பைக்குக்கு விலை எப்படி ஏறுகிறது?

அமெரிக்காவில் ஒரு வீட்டில் கராஜைக் காலி செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலையில் இரண்டு மவுண்டன் பைக். இரண்டும் 1992-இல் வாங்கியவை. இரண்டுக்கும் 26 அங்குலச் சக்கரம், இரண்டின் மேலும் ஒரே தூசி. ஒன்றை வீட்டுக்காரர் 'வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதி வாசலில் நிறுத்துகிறார். இன்னொன்றை ஜெர்மனியிலிருந்து யாரோ விலை பேசி, பெட்டியில் கட்டி, விமானத்தில் வரவழைத்துக்கொள்கிறார். டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று நிதானமாகப் பார்ப்போம்.

பயன்பாட்டுக்கும் இந்த விலைக்கும் சம்பந்தமில்லை. ஓட்டுவதற்கு என்றால் இன்றைய நடுத்தர மவுண்டன் பைக்கே இந்தப் பழசுகளை எளிதாகப் பின்னுக்குத் தள்ளிவிடும். டிஸ்க் பிரேக், நல்ல சஸ்பென்ஷன், பெரிய சக்கரம் எல்லாம் வந்துவிட்டன. 2010-களின் நடுவில் பெரிய கம்பெனிகள் நல்ல மாடல்களில் 26 அங்குலத்தையே கைவிட்டுவிட்டன. வயதும் விலையைத் தீர்மானிப்பதில்லை. எண்பதுகளின் இறுதியில் மவுண்டன் பைக் மோகம் உச்சத்துக்குப் போனபோது லட்சக்கணக்கில் செய்து தள்ளினார்கள். அவற்றில் பெரும்பாலானவை இன்றும் வெறும் பழைய சைக்கிள்தான்.

விலைக்குக் காரணம் தெரிய வேண்டுமானால் கலிபோர்னியாவின் மரின் கவுண்டிக்குப் போக வேண்டும். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டினால் டமல்பையஸ் மலை. எழுபதுகளில் அங்கே சில இளைஞர்கள், 1930-களிலும் 40-களிலும் ஷ்வின் கம்பெனி செய்த தடித்த டயர் சைக்கிள்களைப் பழைய சாமான் கடைகளில் தேடிப் பிடித்து, மலைப்பாதையில் ஓட்டி இறங்கினார்கள். எக்செல்சியர் மாடல் ஃபிரேமுக்குத்தான் அவர்களிடம் மவுசு. மவுண்டன் பைக் பிறந்ததே பழைய சைக்கிள் வேட்டையில் என்பதை இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பலர் கவனிப்பதில்லை.

1976 அக்டோபர் 21-இல் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் அவர்கள் முதல் பந்தயத்தை நடத்தினார்கள். ஏறத்தாழ இரண்டு மைலில் 1300 அடி இறக்கம். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக் மட்டுமே அந்தச் சைக்கிள்களில் உண்டு. கீழே வந்து சேர்வதற்குள் சக்கரத்தின் நடுவே ஹப்பிலுள்ள கிரீஸ் முழுவதும் புகைந்து தீர்ந்துவிடும். மறுபடி கிரீஸை அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. அவர்களில் ஒருவரான கேரி ஃபிஷர் அந்த இறக்கத்தை 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கினார். அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை.

அந்தக் கூட்டத்திலிருந்த ஜோ ப்ரீஸ், பழைய ஃபிரேம்கள் உடைவதைப் பார்த்துச் சலித்து, 1977-இல் இந்த வேலைக்கென்றே புதிதாக ஒரு ஃபிரேம் கட்டினார். அதோடு சேர்த்து முதல் வரிசையில் அவர் செய்தவை மொத்தம் பத்து. முதலாவது இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1979-இல் டாம் ரிட்சி ஃபிரேம் கட்ட, ஃபிஷரும் அதே கூட்டத்தின் சார்லி கெல்லியும் விற்பனையைத் தொடங்கினார்கள். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி ஜப்பானில் செய்வித்த ஸ்டம்ப்ஜம்பர் என்ற மாடலை 750 டாலருக்குக் கொண்டுவந்தது. கையால் ஒவ்வொன்றாகச் செய்த பொருள் தொழிற்சாலைப் பொருளானது அங்கேதான். எனவே சேகரிப்பாளர்களின் ஏணியில் மேல்படி 1977 முதல் 1983 வரை செய்த சைக்கிள்கள். அவற்றில் பலவற்றில் கையெழுத்துப் போல ஒருவரின் பெயர் இருக்கிறது, எண்ணிக்கை குறைவு, வரலாற்றில் இடமும் உறுதி.

அந்த ஆரம்ப ஸ்டம்ப்ஜம்பரை விலைக்குக் கேட்டு வருகிறவர் என்ன பார்ப்பார்? பளபளப்பையா? இல்லை. பிரெஞ்சு மஃபாக் பிரேக் இருக்கிறதா, பிரெஞ்சு டி.ஏ. கிராங்க் இருக்கிறதா, மோட்டார் சைக்கிளிலிருந்து எடுத்த ஜெர்மன் மகூரா பிரேக் லீவர் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். மலைச் சைக்கிளுக்கென்று தனிப் பாகங்களே இல்லாத காலம் அது. ஊர் ஊராகப் பொறுக்கிச் சேர்த்த பாகங்கள். ஷிமானோ கம்பெனி 1982-இல் மலைச் சைக்கிளுக்கென்றே டியோர் எக்ஸ்டி என்ற பாக வரிசையை இறக்கியபின் இந்தக் கதம்பம் மெல்ல மறைந்தது. பத்து வருஷம் கழித்து ஒருவர் நல்லெண்ணத்தோடு புது பிரேக் மாட்டியிருந்தால், சைக்கிள் நன்றாக நிற்கும், விலை படுத்துவிடும்.

பெயின்ட் விஷயத்திலும் இதே கணக்கு. காரைக்குடியில் பழம்பொருள் வாங்குகிறவர்கள் எனாமல் பாத்திரத்தில் ஓரம் பெயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், மறுபூச்சு பூசியிருந்தால் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள் அல்லவா? கீறல் விழுந்த அசல் பெயின்டுக்கும் கிழியாத ஸ்டிக்கருக்கும் இருக்கும் மதிப்பு, மறுபடி அடித்த கண்ணாடிப் பூச்சுக்கு இல்லை.

பெயின்ட் என்றதும் க்ளைனைச் சொல்லாமல் இருக்க முடியாது. வாஷிங்டன் மாநிலத்தில் செஹேலிஸ் என்ற சிற்றூரில் கேரி க்ளைன் அலுமினியத்தில் தடித்த குழாய் ஃபிரேம்கள் செய்தார். அட்டிட்யூட், அட்ராய்ட் என்ற மாடல்களில் ஒரு நிறம் இன்னொன்றில் கரைந்து போகும் பூச்சு. ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும் ஒரே துண்டாக, ஃபிரேமின் நிறத்திலேயே இருக்கும். அந்தத் துண்டு தொலைந்திருந்தால் பேரமே வேறு. 1995-இல் ட்ரெக் என்ற பெரிய கம்பெனி க்ளைனை வாங்கியது, பின்னர் தயாரிப்பும் விஸ்கான்சினுக்குப் போனது. அதனால் 'ட்ரெக்குக்கு முந்தியதா, பிந்தியதா' என்பதுதான் வாங்குகிறவரின் முதல் கேள்வி. பிந்தியவை மோசம் என்பதல்ல, சில நன்றாகவே இருக்கும். ஆனால் இந்தச் சந்தையில் தரத்துக்கு முன்னால் கதை வந்து நின்றுகொள்கிறது.

மாசசூசெட்ஸில் சோமர்வில் ஊரில் க்ரிஸ் சான்ஸ் நடத்திய ஃபேட் சிட்டி பட்டறைக்கும் இதே விதி. அவர்கள் செய்த 'யோ எடி' என்ற ஸ்டீல் சைக்கிள் கிழக்குக் கடற்கரையின் செல்லப்பிள்ளை. பட்டறை கைமாறி நியூயார்க் மாநிலத்துக்குப் போனதும், போக மறுத்த தொழிலாளர்கள் 1995-இல் இன்டிபென்டன்ட் ஃபாப்ரிகேஷன் என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். சோமர்வில் காலத்து ஃபிரேமுக்குத் தனி மரியாதை இருப்பது இதனால்தான்.

இனி பணம் யாரிடமிருந்து வருகிறது என்பதைப் பாருங்கள். 1990-இல் அமெரிக்காவின் டுராங்கோவில் முதல் அதிகாரபூர்வ உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. அந்த வருஷம் பந்தய வீரர் ஜான் டோமாக், சாலைப் பந்தயங்களிலும் ஓடிக்கொண்டிருந்ததால், யெட்டி கம்பெனியின் மலைச் சைக்கிளிலும் வளைந்த ரேஸ் ஹேண்டில்பாரையே மாட்டி ஓட்டினார். அதைப் பத்திரிகையில் பார்த்து வாயைப் பிளந்த பதினைந்து வயதுப் பையனுக்கு இன்று ஐம்பது வயது. அன்று கடை ஜன்னலோடு திரும்பியவன், இன்று விலையைக் கேட்காமல் வாங்குகிறான். மேல்படி வரலாற்றுச் சைக்கிள்களை விட்டுவிட்டால், மீதியின் விலை பெரும்பாலும் இந்த ஒரு தலைமுறையின் ஏக்கம்தான். அந்தத் தலைமுறைக்கு முழங்கால் வலி வரும்போது இந்த விலை நிற்குமா? எனக்குச் சந்தேகம். முதலீடு என்று யாராவது சொன்னால் இன்னொரு டீ சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள்.

வாங்கியே தீருவேன் என்கிறவர், பணம் எண்ணுவதற்கு முன் சீட் போஸ்ட் அசைகிறதா என்று பார்க்கட்டும். ஸ்டீல் ஃபிரேமுக்குள் அலுமினியக் குழாய் பல வருஷம் அசையாமல் இருந்தால், ஈரமும் வியர்வை உப்பும் சேர்ந்து இரண்டையும் ஒட்டிவிடும். எடுக்கப் போய் ஃபிரேமையே அறுத்தவர்கள் உண்டு. அலுமினிய ஃபிரேமானால் வெல்டிங் ஓரங்களில் மயிரிழை விரிசல் தேட வேண்டும். தொண்ணூறுகளின் சஸ்பென்ஷன் ஃபோர்க் பலவற்றில் உள்ளே ரப்பர் போன்ற துண்டுகள்தான் ஸ்பிரிங். அவை இன்று பிசுபிசுத்தோ நொறுங்கியோ கிடக்கும். மாற்று கிடைப்பது சிரமம். அதே காலத்தில் சின்னப் பட்டறைகள் கடைந்து எடுத்த ஊதா நிற பிரேக், கிராங்க், ஹப் எல்லாம் இப்போது தனித்தனியாகவே ஏலம் போகின்றன. எடை குறைக்கும் வெறியில் செய்த அவற்றில் பல உடைந்தன. உடையாமல் மிஞ்சியது அரிது என்பதாலேயே விலை. அதை மாட்டி மலையில் இறங்குவது வேறு துணிச்சல்.

இதனால் ஒரு வேடிக்கையும் நடக்கிறது. முழுச் சைக்கிளாக விற்பதைவிடப் பிரித்து விற்றால் பல நேரம் கூடுதல் பணம். எனவே வியாபாரி பிரிக்கிறார். வெறும் ஃபிரேமை வாங்கியவர் அதே பாகங்களைத் தேடி அடுத்த இரண்டு வருஷம் அலைகிறார்.

ஓட்டுவதற்காகவே பழசு வேண்டுமென்றால் கண்ணை மேல்படியிலிருந்து இறக்குங்கள். ப்ரிட்ஜ்ஸ்டோன் கம்பெனி 1994-இல் அமெரிக்கச் சைக்கிள் சந்தையை விட்டு வெளியேறும் முன், அங்கே வேலை பார்த்த க்ரான்ட் பீட்டர்சனின் யோசனையில் நல்ல ஸ்டீல் சைக்கிள்களை விற்றது. எம்பி-1 மாடலை இன்று சேகரிப்பாளர்கள் பிடித்துக்கொள்வார்கள். அதன் தம்பிகளான கீழ் மாடல்களைப் பலர் சீண்டுவதில்லை. 26 அங்குல டயர் இன்னும் புதிதாகவே கிடைக்கிறது. பிரேக் கட்டையையும் கேபிளையும் மாற்றினால் சந்தைக்கும் வேலைக்கும் போய் வர இன்னும் இருபது வருஷம் தாராளமாக உழைக்கும். சீட் போஸ்ட்டை மட்டும் மறக்காமல் அசைத்துப் பாருங்கள்.