கூடை கட்டிய கம்பும் நான்கு முகங்களும்

செஞ்சியை ஆண்டவர்களின் கதை நம் கைக்கு வந்ததில் காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளுக்குப் பெரிய பங்குண்டு. நாராயணப் பிள்ளை தமிழில் எழுதிய ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’ அவற்றுள் ஒன்று. சி.எஸ். சீனிவாசாச்சாரி 1943இல் வெளிவந்த தம் செஞ்சி வரலாற்று நூலுக்கு அதையும் ஆதாரங்களில் ஒன்றாகக் கொண்டார்.

மெக்கன்சி தொழிலால் நில அளவையாளர். 1815இல் இந்தியாவின் சர்வேயர் ஜெனரல் ஆனவர். மறு ஆண்டு தாமஸ் ஹிக்கி என்ற ஐரிஷ் ஓவியர் அவரை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் அந்த ஓவியத்தின் பின்னணியில், குன்றின் மேல் ஒரு கம்பு. அதன் உச்சியில் ஒரு கூடை.

அழகுக்காக வைத்ததல்ல அது. தரையில் ஒரு நேர்கோட்டைச் சங்கிலியால் துல்லியமாக அளப்பார்கள். கோட்டின் இரு முனைகளிலும் நின்று, தொலைவில் தெரியும் கூடையைக் கருவியால் நோக்கிக் கோணங்களைக் குறிப்பார்கள். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் முக்கோணம் முழுவதும் கணக்கில் வந்துவிடும். அதன் பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அளந்த சுமார் 12 கிலோமீட்டர் கோட்டிலிருந்துதான் இந்தியப் பெரும் முக்கோண அளவை வளர்ந்தது. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிக் குன்றின் உச்சிவரை ஏறி நாலாபுறமும் பார்த்தவருக்கு, அளவைக்காரர்கள் ஏன் குன்றுகளைத் தேடிப் போனார்கள் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

என்னை இந்த ஓவியத்தில் கட்டிப்போடுவது மனிதர்கள்தான். விக்டோரியா காலத்தில் ஜான் காலியர் வரைந்த டார்வின் தனியாக நிற்கிறார்: மேலங்கி, கையில் தொப்பி, சுற்றிலும் இருள். உலகெங்கும் இருந்து அவருக்கு எழுதிக் குவித்தவர்கள் யாரும் அங்கே இல்லை. ஹிக்கியோ மெக்கன்சியைச் சுற்றி மூன்று இந்தியர்களை நிறுத்தினார். தொலைநோக்கி ஏந்தியவர் கிருஷ்ணாஜி என்றும், மற்ற இருவர் சமண பண்டிதர் தர்மையா, காவலி வெங்கட லட்சுமய்யா என்றும் பொதுவாக அடையாளம் சொல்கிறார்கள். மெக்கன்சிக்கு நம் மொழிகளில் புலமை இல்லை. ஊர் ஊராகச் சென்று சுவடிகளைத் திரட்டியவர்களும் படித்துப் பொருள் சொன்னவர்களும் இத்தகைய உதவியாளர்களே. செஞ்சிக்குச் சரித்திரம் எழுதிய நாராயணப் பிள்ளைக்கு அந்த ஓவியத்தில் இடமில்லை. மெக்கன்சி தொகுப்பின் தென்னிந்தியச் சுவடிகளில் பெரும்பகுதி சென்னையில், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது.