சுயேச்சைகளுக்கு வந்த நல்ல நேரம்

பெரிய கடைகளின் காத்திருப்புப் பட்டியலால் சலித்துப்போன கைக்கடிகாரப் பிரியர்கள் தனிக் கலைஞர்களைத் தேடிப் போகிறார்கள். இந்தியாவிலும் அந்த அலை வீசத் தொடங்கிவிட்டது. ஆனால் இயந்திரம் செய்யும் கை எங்கே?

கையில் பணம் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் கைக்கடிகாரமும் இருக்கிறது. ஆனால் வியாபாரம் நடப்பதில்லை. 'பார்வைக்கு மட்டும்' என்ற சிறிய அட்டை குறுக்கே நிற்கிறது.

ரோலெக்ஸ், படேக் ஃபிலிப், ஆடமார் பிகே ஆகியவற்றின் கிராக்கியுள்ள மாடல்களைத் தேடிப் போகிறவருக்கு உலகின் எந்தப் பெருநகரிலும் நேரும் அனுபவம் இது. பெயரை எழுதிக்கொள்வார்கள். எப்போது கிடைக்கும் என்று மட்டும் சொல்லமாட்டார்கள். அதே கடையில் விலைபோகாத வேறொரு கடிகாரத்தையோ, மனைவிக்கு ஒரு வைர மோதிரத்தையோ வாங்கியவர் பட்டியலில் முன்னே நகர்வார் என்பது சேகரிப்பாளர் வட்டாரத்தில் எல்லோரும் அறிந்த ரகசியம். அரிசி வேண்டுமென்றால் உப்பும் டீத்தூளும் வாங்கியாக வேண்டும் என்ற ரேஷன் கடை நிர்ப்பந்தம்தான், இங்கே குளிர்பதன அறையில், சோபாவில் உட்காரவைத்து நடக்கிறது.

இந்தப் பட்டியல் ராஜ்யம் உச்சத்தைத் தொட்டது 2021இல். அந்த ஆண்டு படேக் ஃபிலிப், நாட்டிலஸ் 5711 என்ற தனது புகழ்பெற்ற எஃகுக் கடிகாரத்துக்கு விடைகொடுத்தது. போகிற போக்கில் டிஃபனி நகைக்கடைக்காக வெளிர்நீல முகப்புடன் 170 கடிகாரங்களை மட்டும் செய்து கொடுத்தது. கடை விலை சுமார் 52,000 டாலர். டிசம்பரில் அவற்றில் ஒன்று நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் நடத்திய ஏலத்தில் சுமார் 65 லட்சம் டாலருக்குப் போனது. நேரம் பார்க்கும் பொருள் பங்குச் சந்தைச் சரக்காகிவிட்டது. வாங்கிய கையோடு விற்று லாபம் பார்க்கும் கூட்டம் பெருகியது. 2022இல் மறுவிற்பனை விலைகள் சரியத் தொடங்கியதும் அந்தக் கூட்டம் கலைந்தது.

கடைக்காரர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமல்ல. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது போலத்தான் அவர்கள் நிலை. ஆடமார் பிகே மற்றவர் கடைகளிலிருந்து விலகி, தனது சொந்த விற்பனையகங்களை நம்பத் தொடங்கியது. 2023இல் ரோலெக்ஸ், உலகின் மிகப் பெரிய கடிகார விற்பனை நிறுவனங்களில் ஒன்றான புக்கரரையே விலைக்கு வாங்கியது. இப்படி, தயாரிப்பாளருக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே நிற்பவரின் இடம் குறுகிக்கொண்டே வருகிறது.

ஒரு மேசை, ஒரு மனிதர்

உண்மையான சேகரிப்பாளர்களில் ஒரு பகுதியினர் இப்போது சுயேச்சைக் கடிகாரக் கலைஞர்களின் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். எந்தப் பெரிய குழுமத்துக்கும் சொந்தமாகாமல், சிறிய பட்டறையில் விரல்விட்டு எண்ணக்கூடிய உதவியாளர்களுடன் வேலை செய்பவர்கள் இவர்கள். தேர்தலில் சுயேச்சைகள் டெபாசிட் இழப்பது வழக்கம். கடிகார உலகின் சுயேச்சைகளிடமோ டெபாசிட் கட்டக் கூட்டம் காத்திருக்கிறது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1970களில் மலிவான குவார்ட்ஸ் கடிகாரங்கள் சந்தையை ஆக்கிரமித்தபோது, சாவி கொடுத்து ஓடும் கடிகாரங்களின் கதை முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். அந்த இருண்ட காலத்தில், 1985இல், ஸ்வெண்ட் ஆண்டர்சன், வின்சென்ட் கலாப்ரேசே என்ற இரு கலைஞர்கள் சுயேச்சைகளுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். சுயேச்சைகளின் பெயர்கள் உலகத்துக்குத் தெரியவந்ததில் அந்தச் சங்கத்துக்கு முக்கியப் பங்கு உண்டு.

சுவிட்சர்லாந்தின் ஜூ பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஃபிலிப் டுஃபூர், 2000ஆம் ஆண்டு 'சிம்ப்ளிசிட்டி' என்ற கடிகாரத்தை வெளியிட்டார். மணி, நிமிடம், வினாடி மட்டும் காட்டும் எளிய கடிகாரம். ஆனால் பின்மூடி வழியே பார்த்தால் ஒவ்வொரு உறுப்பின் விளிம்பும் கையாலேயே இழைத்து மெருகேற்றப்பட்டது தெரியும். அதன் அருமையை முதலில் உணர்ந்தவர்கள் ஜப்பானியர்கள். இதுவரை செய்யப்பட்டவை இருநூற்றுச் சொச்சம்தான். அதன் இருபதாம் ஆண்டு நினைவாகச் செய்த ஒன்று 2020இல் ஏலத்தில் 13 லட்சம் சுவிஸ் ஃபிராங்கைத் தாண்டியது. 1999இல் தன் பெயரிலேயே நிறுவனம் கண்ட பிரான்சுவா-போல் ஜூர்னிடம் அன்று முதலீடு இல்லை. 20 பேரிடம் முன்பணம் வாங்கி, அந்தப் பணத்தில் முதல் 20 கடிகாரங்களைச் செய்துகொடுத்தார். கொசோவோ போரிலிருந்து தப்பி, சிறுவனாக சுவிட்சர்லாந்து வந்த ரெக்ஷப் ரெக்ஷப்பி, 2018இல் ஜெனீவாவின் உயர்ந்த கடிகாரப் பரிசுகளில் ஒன்றைப் பெற்றார்.

இவர்களிடம் வாங்குகிறவர் செய்தவரோடு நேரில் பேசலாம். பட்டறைக்குப் போய்ப் பார்க்கலாம். கடையில் அவர் ஒரு பதிவெண். இங்கே அவருக்குப் பெயர் உண்டு. வசதி படைத்தவர்கள் கடையை விட்டுப் போவதற்கு விலையைவிட இந்த மரியாதைதான் பெரிய காரணம்.

சிக்கல் இல்லாமல் இல்லை. வரிசை ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆண்டுக்குச் சில டஜன் கடிகாரங்கள் செய்பவரிடம் பெயர் பதிந்தவர் பல ஆண்டுகள் காத்திருக்க நேரிடும். பட்டறை நொடித்துப்போனால் முன்பணத்துக்கு உத்தரவாதம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கலைஞரின் காலத்துக்குப் பிறகு அவர் கடிகாரத்தைப் பழுது பார்ப்பது யார்?

இந்தக் கேள்விக்கு ஜார்ஜ் டேனியல்ஸ் ஒரு பதில் விட்டுச் சென்றார். ஐல் ஆஃப் மேன் தீவில் வாழ்ந்த இந்த ஆங்கிலேய மேதையிடம், தானே செய்த ஒரு சட்டைப்பைக் கடிகாரத்தைக் கொண்டுபோய்க் காட்டினார் ரோஜர் ஸ்மித் என்ற இளைஞர். சரியில்லை என்று திருப்பியனுப்பினார் டேனியல்ஸ். ஸ்மித் ஊர் திரும்பி, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்து இரண்டாவது கடிகாரத்தைக் கொண்டுவந்தார். குரு ஏற்றுக்கொண்டார். 2011இல் டேனியல்ஸ் மறைந்த பிறகும் அதே தீவில் ஸ்மித்தின் பட்டறை இயங்குகிறது. கர்நாடக சங்கீதம் போல இதுவும் குரு சிஷ்ய பரம்பரையில் வாழும் வித்தை.

முகம் இங்கே, இயந்திரம் அங்கே

இந்தியாவிலும் சுயேச்சைகள் தோன்றியிருக்கிறார்கள். 2013இல் கௌரவ் மேத்தா தொடங்கிய ஜெய்ப்பூர் வாட்ச் கம்பெனி, பழைய நாணயங்களையே முகப்பாக வைத்துக் கடிகாரங்கள் செய்து பெயர் வாங்கியது. நிருபேஷ் ஜோஷியும் மெர்சி அமல்ராஜும் 2018இல் நிறுவிய பெங்களூர் வாட்ச் கம்பெனி, விமானப்படையின் மிக் 21, விண்வெளித் திட்டம், கிரிக்கெட் என்று இந்தியக் கதைகளைக் கடிகாரத்தில் சொல்கிறது. இடைத்தரகர் இல்லாமல் நேரடி விற்பனை.

இரண்டுக்கும் வரவேற்பு இருக்கிறது. ஆனால் பெங்களூர் கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்தால் உள்ளே துடிப்பது சுவிஸ் இயந்திரம். சிறிய இந்திய நிறுவனங்கள் பலவற்றின் நிலை இதுதான். வடிவமைப்பு நம்முடையது, இதயம் இறக்குமதி.

இது புதிய ஏற்பாடும் அல்ல. பாறசாலை, நெய்யாற்றின்கரை, அம்பூரி வட்டாரத்து மக்கள் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்க்கும் 'மேத்தன் மணி'யும் இதே ரகம்தான். மணியடிக்கும்போது தாடிக்காரர் வாயைத் திறப்பார். இரண்டு ஆட்டுக்கடாக்கள் பாய்ந்து வந்து அவர் கன்னத்தில் முட்டும். சுவாதித் திருநாள் காலத்தது இது. கடிகாரம் வெளியூரிலிருந்து வந்தது, தாடிக்காரரையும் ஆடுகளையும் செய்தவர் குளத்தூக்காரன் என்ற உள்ளூர்க் கைவினைஞர் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள்.

விசித்திரம் என்னவென்றால், இந்தியாவில் இயந்திரம் செய்யத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் சிறிய பட்டறைகளில் அல்ல, பெரிய தொழிற்சாலைகளில். ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு 1961இல் பெங்களூரில் கடிகாரம் தயாரிக்கத் தொடங்கிய பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி., கடிகாரத்தின் உள்ளுறுப்புகளையும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டது. கல்யாணச் சீர், பரீட்சைப் பரிசு, பணி ஓய்வு விழா என்று ஒரு தலைமுறையின் மணிக்கட்டு முழுக்க எச்.எம்.டி.தான். டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் 1984இல் சேர்ந்து உருவாக்கிய டைட்டன், ஓசூரிலிருந்து புறப்பட்டு அந்தச் சந்தையைக் கைப்பற்றியது. 2016இல் எச்.எம்.டி. வாட்சஸை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. கூடவே, சாவி கொடுக்கும் கடிகாரத்தை நுனிவிரலில் அறிந்த ஒரு தொழிலாளர் தலைமுறையும் கலைந்தது.

மூடிய பிறகுதான் அருமை தெரிந்தது. ஒரு காலத்தில் யாரும் சீண்டாத எச்.எம்.டி. பைலட்டும் ஜனதாவும் இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் தேடும் பண்டங்கள். தேவை பெருகியதும் பழைய முகப்புக்குப் புதுச் சாயம் பூசி, கிடைத்த உறுப்புகளைச் சேர்த்து 'அசல்' என்று விற்கும் வியாபாரமும் வந்துவிட்டது. ஓசூரில் டைட்டன் விட்ட இடத்தைப் பிடிக்க முயல்கிறது. புவியீர்ப்பால் நேரும் பிழையைச் சமன்செய்யச் சுழலும் கூண்டான டூர்பியானைத் தானே வடிவமைத்துச் செய்திருக்கிறது. சுவிட்சர்லாந்தில் தனிமனிதர்கள் பெயரெடுத்த வித்தையை இங்கே ஒரு பெருநிறுவனம் கையிலெடுத்திருக்கிறது.

போட்டி இனி கடுமையாகும். சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளுடன் இந்தியா செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சுவிஸ் கடிகாரங்கள் மீதான இறக்குமதி வரி ஏழு ஆண்டுகளில் படிப்படியாக மறைகிறது. முகப்பின் அழகை மட்டும் நம்பி ஒரு இந்தியச் சுயேச்சை இதைத் தாக்குப்பிடிப்பது சிரமம்.

சேகரிப்பாளர் தேடுவது செய்தவரின் கையை. அந்தக் கைகள் இந்தியாவில் அடியோடு மறைந்துவிடவில்லை. கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, அரிசி மணியைவிடச் சிறிய திருகாணியைச் சாமணத்தால் எடுத்துப் பொருத்தும் ரிப்பேர்க்காரர்கள் சின்ன ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். பலருக்கு வயதாகிவிட்டது. செல்போன் வந்த பிறகு அவர்களிடம் வருவது பெரும்பாலும் பேட்டரி மாற்றும் வேலைதான், கற்றுக்கொள்ளவும் ஆள் வருவதில்லை. லட்சக்கணக்கில் செலவழிக்கத் தயாராக இருக்கும் சேகரிப்பாளரும், வித்தை தெரிந்து வேலையில்லாமல் இருக்கும் இந்தப் பெரியவரும் இன்னும் சந்திக்கவில்லை. அவரிடம் உட்கார்ந்து கற்க ஒரு இளைஞன் வருவதற்குள் அந்தப் பெட்டிக்கடை மூடப்பட்டுவிட்டால், எத்தனை டெபாசிட் கட்டினாலும் பயனிருக்காது.