அமெரிக்க பேஸ்போல்: அருகிலிருப்போருக்கே மறைக்கப்படும் ஆட்டம்

ஐக்கிய அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் உள்ள அயோவா, சோள வயல்களுக்குப் பெயர்பெற்ற மாநிலம். மேஜர் லீக் பேஸ்போல் அணி எதுவும் அங்கில்லை. ஆனாலும் அம்மாநிலத்தில் வசிக்கும் ரசிகர் ஒருவர், லீக்கின் இணையவழிச் சேவையான எம்.எல்.பி. ரி.வி.க்கு ஒரு பருவத்துக்கான சந்தாவை முழுமையாகச் செலுத்திவிட்டு மாலையில் கணினியின் முன் அமர்ந்தால், ஆறு அணிகளின் ஆட்டங்களை அவரால் நேரலையாகப் பார்க்க முடியாது. சிக்காகோ கப்ஸ், சிக்காகோ வைட் சொக்ஸ், சென் லூயிஸ் கார்டினல்ஸ், கன்சாஸ் சிற்றி றோயல்ஸ், மினசோட்டா ட்வின்ஸ், மில்வாக்கி புறூவர்ஸ் என்பனவே அவை. உங்கள் பிரதேசத்தில் இவ்வாட்டத்தைப் பார்வையிட முடியாது என்ற அறிவித்தல் மட்டுமே திரையில் தோன்றும். எல்லா அணிகளும் களமிறங்கும் நாளில் நடைபெறும் ஆட்டங்கள் பதினைந்து. அவற்றில் மூன்று முதல் ஆறு வரையானவை அயோவாவில் இவ்வாறு மறைந்துபோகும். இதே சந்தாவைச் செலுத்தி, ஆயிரத்து ஐந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் புளோரிடாவில் வசிக்கும் கப்ஸ் ரசிகரோ தமது அணியின் பெரும்பாலான ஆட்டங்களைத் தடையின்றிப் பார்க்கிறார்.

இதனை அமெரிக்கர்கள் இருட்டடிப்பு என்றே அழைக்கின்றனர். இருட்டடிப்பு என்றதும் ஆட்சியாளர்கள் செய்தியை மறைப்பதே எமது வாசகர்களின் நினைவுக்கு வரும். இங்கு மறைப்பது அரசு அல்ல. தனது பொருளை விற்க விரும்பும் வியாபாரியே, அதனை வாங்க விரும்பும் வாடிக்கையாளரிடமிருந்து அதை மறைக்கிறார். இந்த விசித்திரம் எவ்வாறு தோன்றியது என்பதை விளங்கிக்கொள்ள, விளையாட்டின் பக்கத்தைவிடக் கணக்கேட்டின் பக்கத்தையே அதிகம் புரட்ட வேண்டியுள்ளது.

கிரிக்கெட்டுக்குப் பழகிய எமக்கு முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லீக்கில் 30 அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணியும் மார்ச் இறுதியிலிருந்து செப்டெம்பர் இறுதி வரை 162 ஆட்டங்களில் விளையாடுகிறது. அதாவது ஆறு மாதங்களுக்கு ஏறக்குறைய அன்றாடம் ஓர் ஆட்டம். உலகக் கிண்ணம் போல நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் திருவிழாவல்ல அது. இரவு உணவோடும் வேலை முடிந்த களைப்போடும் கலந்துவிட்ட வழக்கம். ஓர் ஆட்டத்தைத் தவறவிட்டால் பெரிதாக எதுவும் கெட்டுவிடாது. ஆனால் கோடை முழுவதும் தவறவிட நேரும்போது குடும்பத்தில் தந்தையிடமிருந்து பிள்ளைக்குக் கைமாற வேண்டிய ஒன்று அறுந்துபோகிறது. ரசிகர்களின் கோபத்தை வெறும் பொழுதுபோக்குப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாமைக்கு இதுவே காரணம்.

ஆட்டத்தை ஒலிபரப்பினால் மைதானத்துக்கு எவர் வருவார் என்ற அச்சம் மிகப் பழையது. 1921 ஓகஸ்டில் பிட்ஸ்பேர்க்கின் கே.டி.கே.ஏ. வானொலி முதன்முதலாக ஒரு மேஜர் லீக் ஆட்டத்தை நேரடியாக வர்ணனை செய்தது. பதின்மூன்று ஆண்டுகளின் பின்னர், 1934இல், நியூயோர்க் நகரின் மூன்று அணிகளும் தமக்குள் பேசி வானொலி வர்ணனையை ஐந்தாண்டுகளுக்குத் தடைசெய்தன. நுழைவுச்சீட்டு வருமானம் குன்றிவிடும் என்பதே அவற்றின் வாதம். 1939இல் புறூக்ளின் டொட்ஜர்ஸ் நிர்வாகி லரி மக்பெயில் அத்தடையை உடைத்தார். அதே ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் திகதி புறூக்ளின் மைதானத்திலிருந்தே முதலாவது மேஜர் லீக் ஆட்டம் தொலைக்காட்சியிலும் காட்டப்பட்டது. சிக்காகோவின் கப்ஸ் அணியோ 1920களிலேயே வானொலிகளுக்குத் தாராளமாக இடமளித்திருந்தது. அயோவா போன்ற அயல் மாநிலங்களில் அவ்வணிக்கு இன்றும் ரசிகர்கள் இருப்பதற்கு அந்த அலைவரிசைகளே அடித்தளமிட்டன.

சட்டமும் உரிமையாளர்களின் பக்கமே சாய்ந்து நின்றது. பேஸ்போல் ஆட்டங்கள் மாநிலங்களுக்கிடையிலான வர்த்தகம் ஆகாது என்று 1922இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து இவ்விளையாட்டுக்கு விலக்குக் கிடைத்தது. பின்னர் 1961இல் ஜனாதிபதி கென்னடி கையொப்பமிட்ட விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், லீக்குகள் தம் அணிகளின் தொலைக்காட்சி உரிமைகளை ஒன்றுசேர்த்து விற்பதற்கு வழிவிட்டது. அமெரிக்கக் கால்பந்து லீக் அவ்வாறே எல்லாவற்றையும் ஒன்றாகவே விற்றது. பேஸ்போல் அணிகளோ அன்றாட ஆட்டங்களின் உரிமையைத் தத்தமது கையில் வைத்துக்கொண்டு, நாட்டைக் கூறுபோட்டுத் தமக்கென எல்லைகளை வகுத்துக்கொண்டன. இன்றைய சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கேபிள் தொலைக்காட்சி பரவியபோது அந்த எல்லைகள் பொன் விளையும் பூமியாயின. பிராந்திய விளையாட்டு அலைவரிசைகள் ஓர் அணியின் ஆட்டங்களை, குறித்த எல்லைக்குள் தமக்கு மட்டுமே உரியதாகப் பெரும் விலை கொடுத்து வாங்கின. அந்தப் பணம் வந்த வழிதான் கவனிக்கத்தக்கது. கேபிள் நிறுவனம் விளையாட்டு அலைவரிசையைப் பொதுத் தொகுப்புக்குள் சேர்த்துவிடும். ஒவ்வொரு குடும்பமும் மாதந்தோறும் அதற்கென சில டொலர்களைச் செலுத்தும். வாழ்நாளில் ஓர் ஆட்டத்தையேனும் பார்த்திராத மூதாட்டியின் மாதக் கட்டணத்திலிருந்தும் வீரர்களின் சம்பளத்துக்கு ஒரு பங்கு சென்றது. பார்ப்பவர்கள் குறைந்த விலையில் பார்த்ததன் இரகசியம், பாராதவர்களும் செலுத்தினார்கள் என்பதே.

ஆகவே 2002 ஓகஸ்டில் லீக் முதன்முதலாக ஓர் ஆட்டத்தை இணையத்தில் நேரலையாகக் காட்டி, அடுத்த ஆண்டு அதைச் சந்தாச் சேவையாக்கியபோது, உள்ளூர் ரசிகருக்கு அதை விற்க முடியாத நிலையில் இருந்தது. அவர் ஏற்கெனவே கேபிள் நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருந்தார். தொழில்நுட்பம் போதாமல் விதிக்கப்பட்ட தடையல்ல இது. பார்வையாளர் எங்கிருக்கிறார் என்பதைக் கண்டறிந்து அவருக்கு மட்டும் கதவைச் சாத்துவதற்கே தொழில்நுட்பம் பயன்பட்டது.

வகுக்கப்பட்ட எல்லைகளோ நியாயத்துக்குக் கட்டுப்பட்டவையல்ல. லாஸ் வேகாஸ் நகரும் அயோவாவைப் போல ஆறு அணிகளின் எல்லைக்குள் சிக்கியது. பசுபிக் சமுத்திரத்தின் நடுவிலுள்ள ஹவாய்த் தீவுகள், நாலாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கலிபோர்னிய அணிகளின் 'உள்ளூர்' ஆயின. கனடா முழுவதும் ரொறன்ரோ புளூ ஜேஸ் அணியின் எல்லை. ஓர் அணி ஒரு பிரதேசத்துக்கு உரிமை கோரினால், அதன் அலைவரிசை அங்குள்ள கேபிளில் கிடைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. இதனால் பல இடங்களில் கேபிளிலும் இல்லை, இணையத்திலும் இல்லை என்ற நிலை தோன்றியது. ஆட்டம் முடிந்து ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலத்தின் பின் பதிவைப் பார்க்கலாம் என்பதே லீக் தந்த ஆறுதல். முடிவு தெரிந்த ஆட்டத்தை நள்ளிரவில் பார்ப்பதில் என்ன சுவை இருக்க முடியும்?

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்தது இதனிலும் கொடுமை. டொட்ஜர்ஸ் அணி, ரைம் வோர்ணர் கேபிள் நிறுவனத்துடன் 25 ஆண்டுகளுக்கு 8.35 பில்லியன் டொலருக்கு உடன்படிக்கை செய்து, 2014இல் தனக்கென ஓர் அலைவரிசையைத் தொடங்கியது. அதற்குக் கேட்கப்பட்ட விலை அதிகம் என்று டிரெக்ரிவி உள்ளிட்ட ஏனைய நிறுவனங்கள் மறுத்துவிட்டன. ஆறு பருவங்களாக, தமது நகரத்து அணியைத் தமது வீட்டுத் தொலைக்காட்சியில் காண முடியாதவர்களாக அந்நகர மக்களில் பெரும்பகுதியினர் இருந்தனர். 1950 முதல் 67 பருவங்களாக அவ்வணியின் வர்ணனையாளராக விளங்கிய வின் ஸ்கலியின் இறுதி ஆண்டுகள் இக்காலத்திலேயே கழிந்தன. மைதானத்தில் ஆட்டத்தை நேரில் பார்த்துக்கொண்டிருப்பவர்களே அவரது குரலைக் கேட்பதற்காகக் கைக்கு அடக்கமான வானொலியை உடன் கொண்டுசெல்வர் என்பார்கள். 2016இல் அவர் ஓய்வுபெற்றபோது, இறுதிச் சில ஆட்டங்கள் மட்டும் இலவச அலைவரிசையொன்றில் காட்டப்பட்டன. டிரெக்ரிவியுடன் இணக்கம் ஏற்பட்டது 2020 ஏப்ரலில். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை என்பார்கள். இங்கு சாமியும் பூசாரியும் ஒரே உண்டியலில் பங்கு வைத்திருந்தனர்.

ரசிகர்கள் வாளாவிருக்கவில்லை. 2012இல் சிலர் லீக்குக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். 1922ஆம் ஆண்டின் விலக்கு தொலைக்காட்சி எல்லைகளுக்குப் பொருந்தாது என்று 2014இல் நியூயோர்க் சமஷ்டி நீதிமன்றம் கூறியது பெரிய திருப்பமாகவே கருதப்பட்டது. ஆனால் விசாரணை ஆரம்பமாகவிருந்த 2016 ஜனவரியில் இணக்கம் காணப்பட்டது. சந்தா குறைந்தது, ஒரேயோர் அணியின் ஆட்டங்களை மட்டும் வாங்கும் வசதியும் வந்தது. எல்லைகள் அப்படியே இருந்தன. வேறு ஊரில் இருப்பதாகக் கணினியை நடிக்கச் செய்யும் மென்பொருட்களை நாடியோர் பலர். கட்டணம் செலுத்திய பின்னரும் திருட்டு வழியில் பார்க்க வேண்டியிருப்பது இத்தொழிலின் சிறப்பு போலும்.

சுவரை இறுதியில் இடிக்கத் தொடங்கியது நீதிமன்றமல்ல, வாடிக்கையாளரே. பல மில்லியன் குடும்பங்கள் கேபிள் இணைப்பைத் துண்டித்தன. 2019இல் சின்கிளெயர் நிறுவனம் சுமார் 10 பில்லியன் டொலருக்கு 21 பிராந்திய அலைவரிசைகளை வாங்கியிருந்தது. அவற்றை நிர்வகித்த டயமண்ட் ஸ்போர்ட்ஸ் நிறுவனம் 2023 மார்ச்சில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. சான் டியேகோ பட்ரெஸ் அணிக்கான கொடுப்பனவு நின்றதும், அதே ஆண்டு மே இறுதியில் ஒளிபரப்பை லீக்கே பொறுப்பேற்று, மாதம் 19.99 டொலருக்கு உள்ளூர் ரசிகர்களுக்குத் தடையின்றி வழங்கியது. இருபது ஆண்டுகளாக முடியாது என்று கூறப்பட்டது, ஒப்பந்தம் முறிந்த மறுநாளே முடிந்தது. 2025 பருவத்தில் ஐந்து அணிகளின் ஒளிபரப்பு இவ்வாறு லீக்கின் கைக்கு வந்திருந்தது. வேறு பல அணிகளும் உள்ளூர் இணையச் சந்தாவைத் தனியாக விற்கின்றன.

ஆனால் ஒரு பூட்டுத் திறக்க, வேறு பூட்டுகள் தொங்கவிடப்பட்டன. 2022 முதல் வெள்ளி இரவு ஆட்டங்கள் சில அப்பிள் நிறுவனத்திடம் சென்றன. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட மூன்றாண்டு உடன்படிக்கைகளின்படி, 2026 முதல் ஞாயிறு இரவு ஆட்டங்கள் என்.பி.சி.க்கும் பீகொக்குக்கும், பருவத்தின் தொடக்க இரவு ஆட்டம் நெட்பிளிக்ஸுக்கும், எம்.எல்.பி. ரி.வி.யை விற்கும் உரிமை ஈ.எஸ்.பி.என்.னுக்கும் உரியன. 1989ஆம் ஆண்டுத் திரைப்படமொன்றால் புகழ்பெற்ற அயோவாச் சோள வயலில் 2021இல் லீக் ஓர் ஆட்டத்தை நடத்தியது. விளையாடிய அணிகளில் ஒன்று, அம்மாநிலத்தவர் இணையத்தில் பார்க்க அனுமதிக்கப்படாத வைட் சொக்ஸ். அதே வயலில் 2026க்கென ஏற்பாடான ஆட்டத்தின் உரிமையும் நெட்பிளிக்ஸிடமே உள்ளது.

அணி உரிமையாளர்களின் வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. கேபிள் தந்தது நிச்சயமான பணம். அதை நம்பியே வீரர்களுடன் நீண்டகால ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. பாராதவர்களின் பங்களிப்பு நின்றுவிட்டால், சிறு நகர அணிகள் வருமானத்தின் கணிசமான பகுதியை இழக்கும். எனினும் இவற்றை முற்றிலும் தனியார் வணிகம் என்று கொள்வதும் கடினம். மில்வாக்கி மைதானத்தைப் பராமரிக்கச் சுமார் 500 மில்லியன் டொலர் பொதுப்பணம் ஒதுக்கும் சட்டத்தை விஸ்கொன்சின் மாநிலம் 2023 டிசம்பரில் நிறைவேற்றியது. மைதானத்துக்கு வரியும் செலுத்திக் காட்சிக்குச் சந்தாவும் செலுத்துபவரிடம், நீர் மிக அருகில் வசிக்கிறீர் என்று கூறிக் கதவடைப்பது எந்தக் கணக்கிலும் நேர்ப்படாதது. வானொலி வர்ணனைக்கு மட்டும் இணையத்தில் இவ்வெல்லைகள் இல்லை. 1934இல் எதை அஞ்சித் தடைசெய்தார்களோ, அதுவே இன்று தடையற்று எஞ்சியிருக்கிறது.

தேசிய உடன்படிக்கைகள் யாவும் 2028 பருவத்துடன் முடிவடைகின்றன. அதன்பின் எல்லா அணிகளின் உரிமைகளையும் ஒன்றாகத் திரட்டி, இருட்டடிப்பின்றி விற்க வேண்டும் என்பது ஆணையாளர் ரொப் மன்பிரெட்டின் விருப்பம். அதற்கு நியூயோர்க் யாங்கீஸ் போன்ற, சொந்த அலைவரிசையில் பங்கு வைத்திருக்கும் பெரிய அணிகள் தமது வருமானத்தைச் சிறிய அணிகளுடன் பகிர இணங்க வேண்டும். டொட்ஜர்ஸ் 2014இல் ஆரம்பித்த அந்த 25 ஆண்டு உடன்படிக்கையோ 2038 வரை நடைமுறையில் இருக்கும்.