தோப்புக்குப் பொருந்தும் கத்தி எது?

மாட்டுங்காவில் வீடு, ஊரில் தோப்பு. களை வெட்ட ஆள் கிடைக்காத நிலையில் சிறிய டிராக்டரும் புல்வெட்டியும் வாங்க நினைப்பவர்கள், பணத்தைக் கட்டும் முன் போட வேண்டிய கணக்குகள் சில உண்டு.

மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழை இலையும் சேப்பங்கிழங்கும் பேரம் பேசுகிற தமிழர்களில் பலருக்கு ஊரில் இன்னமும் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. பாலக்காட்டுப் பக்கம் வீட்டை ஒட்டிய தென்னந்தோப்பு, திருநெல்வேலிச் சீமையில் நாலைந்து ஏக்கர், தஞ்சாவூரில் பாகம் பிரித்துக் கிடைத்த பங்கு. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-ல் பள்ளி நடத்தப் புறப்பட்ட நாளிலேயே இந்தப் பேட்டையில் ஊரை விட்டு வந்தவர்கள் வேரூன்றியிருந்தார்கள். அதற்குப் பிறகும் அலை அலையாக வந்தார்கள். 1970 ஜனவரி 1-ல் கேரளத்தில் குத்தகை முறை ஒழிந்தபோது பாலக்காட்டு அக்ரகாரங்களின் வயல்கள் உழுதவர்களுக்குப் போயின. பல குடும்பங்களிடம் மிஞ்சியது வீடும் தோப்பும்தான்.

மும்பைக்குப் பக்கத்தில் நிலம் வாங்கிப் பயிர் செய்யலாம் என்றால் அதுவும் சுலபமில்லை. விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்குவதற்கு மகாராஷ்டிரத்தின் 1948-ம் ஆண்டுக் குத்தகைச் சட்டத்தின் 63-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. ஆகவே நிலம் என்றால் ஊர் நிலம். நிர்வாகம் என்றால் டெலிபோன்.

மழைக்காலம் முடிந்ததும் அந்த டெலிபோனில் வருகிற சேதி பெரும்பாலும் ஒன்றுதான்: புல் இடுப்பளவுக்கு வளர்ந்துவிட்டது, வெட்ட ஆள் இல்லை. புல் மண்டிய தோப்பில் விழுந்த காய் கண்ணில் படாது. பாம்புக்குப் பயந்து மரம் ஏறுகிறவர்கள் உள்ளே வரத் தயங்குவார்கள். கோடையில் ஒரு பீடி நெருப்பு போதும், மரங்களின் அடி கருகிவிடும். இரண்டு வருஷம் இப்படி விட்டால் பார்த்தீனியமும் உண்ணிச்செடியும் குடியேறும். தெற்கத்தி மாவட்டங்களில் சீமைக் கருவேலமும் சேர்ந்துகொள்ளும். அப்புறம் அது தோப்பு இல்லை, காடு. இந்தக் கட்டத்தில்தான் சிறிய டிராக்டர் வாங்கும் யோசனை எழுகிறது.

கிண்டுவது வேறு, வெட்டுவது வேறு

டிராக்டருக்கும் மும்பைத் தமிழர்களுக்கும் உள்ள தூரம் அதிகமில்லை. மாட்டுங்காவிலிருந்து மின்சார ரயிலில் போய்வரக்கூடிய காந்திவலியில் 1963-ல் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து மகிந்திரா டிராக்டர் தயாரிப்பில் இறங்கியது. அன்று வந்த பி-275 பெரிய வயலுக்கானது. தென்னை வரிசைக்குள் நுழைந்து திரும்பக்கூடிய சிறிய ரகங்கள் பரவலானது 2010-க்குப் பிறகுதான்: 15 ஹெச்.பி. யுவராஜ் 215, 17 ஹெச்.பி. வி.எஸ்.டி. எம்.டி. 171, 21 மற்றும் 24 ஹெச்.பி. குபோட்டா நியோஸ்டார், 24 ஹெச்.பி. ஜிவோ 245 என்று ஒரு வரிசையே வந்தது.

டிராக்டரைத் தேர்ந்தெடுத்ததும் கடைக்காரர் கூடவே எடுத்துக் காட்டுவது ரோட்டவேட்டரை. அதிகம் விற்பது அதுதான். ஆனால் ரோட்டவேட்டர் மண்ணைக் கிண்டும் கருவி. தென்னையின் உண்ணும் வேர்கள் மேல் மண்ணில், மரத்தைச் சுற்றி ஆறடிக்குள் நெருக்கமாகப் பரவியிருக்கும். அங்கே அடிக்கடி கிண்டினால் களையோடு வேரும் போகும். கோரை, அருகு போன்றவற்றைத் துண்டு துண்டாக்கி நட்டு வைத்த மாதிரியும் ஆகும்.

தோப்புக்கு வேண்டியது ரோட்டரி கட்டர். நம் ஊர்க் கடைகளில் ஸ்லாஷர் என்றும் சொல்வார்கள். இரும்புத் தட்டுக்கு அடியில் கிடைமட்டமாகச் சுழலும் கனத்த கத்திகள் தரைக்கு மேலே நாலைந்து அங்குல உயரத்தில் புல்லையும் விரல் கனச் செடியையும் அறுத்துத் தள்ளும். வெட்டிய புல் அங்கேயே மூடாக்காகக் கிடந்து ஈரத்தைக் காக்கும். 1951-ல் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து செல்மா நகரில் 'புஷ் ஹாக்' என்ற பெயரில் தயாரான இந்த ரகக் கருவி, அங்கே புதர் வெட்டும் எல்லாக் கருவிக்குமே அதே பெயரை வாங்கிக் கொடுத்துவிட்டது.

அகலம் எவ்வளவு?

பெரிய கத்தி வாங்கினால் வேலை சீக்கிரம் முடியும் என்று தோன்றும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

முதல் கணக்கு, சக்தி. விளம்பரத்தில் இருப்பது எஞ்சினின் ஹெச்.பி. பின்பக்கச் சுழல்தண்டான பி.டி.ஓ.வில் கிடைப்பது அதில் சுமார் 85 சதவீதம். புதர் வெட்ட, அடி அகலத்துக்கு 5 ஹெச்.பி. பி.டி.ஓ.வில் வேண்டும் என்பது புழக்கத்தில் உள்ள வாய்ப்பாடு. 24 ஹெச்.பி. டிராக்டர் பி.டி.ஓ.வில் 20 தரும் என்றால், 4 அடி கட்டர் அதற்குச் சரி. 15 ஹெச்.பி. டிராக்டருக்கு இரண்டரை அடி, மெல்லிய புல் மட்டும் என்றால் மூன்று அடி.

இரண்டாவது, தடம். கட்டரின் அகலம் பின் சக்கரங்களின் வெளி அளவை மூட வேண்டும். குறைந்தால் டயரில் படுத்த புல் வெட்டுப்படாமல் மறுநாள் எழுந்து நிற்கும்.

மூன்றாவது, எடை. 4 அடி கட்டர் 200 கிலோவை ஒட்டி இருக்கும். டிராக்டரின் தூக்கும் திறன் 700, 800 கிலோ என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. அந்தத் திறன் இணைப்புக் கம்பியின் நுனியில் அளந்தது. கட்டரின் கனமோ அதற்கும் பின்னால் தொங்குகிறது. தூக்கியதும் முன் சக்கரங்கள் லேசாகிவிட்டால் ஸ்டியரிங் பிடிபடாது. மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் நிற்க வேண்டும். போதாவிட்டால் முன்னால் எடைக் கட்டிகள் மாட்ட வேண்டும்.

நாலாவது, தோப்பின் அளவு. 25 அடி இடைவெளியில் நட்ட தென்னையில் இருபுறமும் ஆறடி வட்டப் பாத்தியை ஒதுக்கினால் நடுவில் மிஞ்சுவது 13 அடி. 4 அடி கட்டர் நான்கு நடையில் ஒரு வரிசையை முடிக்கும். சொட்டுநீர்க் குழாய்கள் எந்தப் பக்கம் போகின்றன என்பதையும் வரைந்து பார்த்துவிட வேண்டும். கத்தி குழாய்க்கும் புல்லுக்கும் வித்தியாசம் பார்க்காது.

கிளட்ச் மிதித்தும் நிற்காத வண்டி

கடையில் யாரும் தானாகச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. விலை குறைந்த சிறிய டிராக்டர்கள் பலவற்றில் கிளட்ச் ஒன்றே ஒன்று. மிதித்தால் எஞ்சினிலிருந்து சக்கரமும் பி.டி.ஓ.வும் ஒருசேர விடுபடும். ஆனால் சுழன்றுகொண்டிருக்கும் கனத்த கத்தி உடனே நின்றுவிடாது. அதன் வேகம் தண்டு வழியாகக் கியர் பாக்ஸுக்குள் திரும்பி வந்து சக்கரங்களைத் தள்ளும். ஓட்டுகிறவர் கிளட்சை மிதித்துக்கொண்டிருப்பார். வண்டி வரப்பையும் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். முன்னால் கிணறு இருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இதற்கு மாற்று எளிது. சைக்கிளில் பெடலை நிறுத்தினாலும் சக்கரம் ஓடுகிறதல்லவா, அதே தத்துவத்தில் செய்த ஓவர்ரன்னிங் கிளட்ச் என்ற சிறு உதிரி பாகத்தை பி.டி.ஓ. தண்டில் மாட்டினால் கத்தியின் வேகம் திரும்பி வராது. டிராக்டரிலேயே அந்த வசதி உண்டா, பி.டி.ஓ.வுக்குத் தனிக் கிளட்ச் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒற்றைக் கிளட்ச் வண்டியில் கட்டர் மாட்டுவது ஆபத்து.

வேகத்தையும் விசாரிக்க வேண்டும். பெரும்பாலான கட்டர்கள் பி.டி.ஓ.வின் 540 சுற்றுக்காகச் செய்தவை. கட்டரின் கியர் பாக்ஸ் அதைக் கூட்டி, கத்தியை நிமிடத்துக்கு 800 சுற்றளவில் ஓட்டுவதாக வைத்துக்கொண்டால், 4 அடி கட்டரில் கத்தி நுனியின் வேகம் மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டும். சில சிறிய டிராக்டர்களில் 750 சுற்றுக்கும் ஒரு கியர் இருக்கிறது. தவறிப்போய் அதில் ஓட்டினால் நுனி வேகம் ஏறக்குறைய 40 சதவீதம் கூடும். எறிபடும் கல்லின் விசை இரண்டு மடங்கை நெருங்கும்.

உடைய வேண்டிய போல்ட்

மட்டைக்கு அடியில் மறைந்த கல்லிலோ வெட்டிய மரத்தின் கட்டையிலோ கத்தி மோதத்தான் செய்யும். அந்த அதிர்ச்சி கியர் பாக்ஸை உடைக்காமலிருக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஷியர் போல்ட்: மோதியதும் தான் அறுந்து மற்றதைக் காப்பாற்றும் மென்மையான போல்ட். இன்னொன்று ஸ்லிப் கிளட்ச்: மோதும்போது வழுக்கிக்கொடுக்கும் தட்டுகள்.

ஷியர் போல்ட் மலிவு, புரிந்துகொள்வதும் எளிது. அடிக்கடி அறுகிறதே என்று அலுத்து, அதற்குப் பதிலாக முரட்டு போல்ட்டைப் போட்டுவிட்டால் அதன் பயனே போய்விடும். அடுத்த மோதலில் செலவு கியர் பாக்ஸுக்கு. ஸ்லிப் கிளட்சுக்கு வேறு சங்கடம். ஒரு மழைக்காலம் சும்மா நின்றால் தட்டுகள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பருவமும் தளர்த்தி ஒருமுறை வழுக்க விட வேண்டும். முதலாளி வருஷத்துக்கு இருமுறை மட்டும் எட்டிப் பார்க்கிற தோப்புக்கு ஷியர் போல்ட்டே பொருத்தம். சரியான ரகத்தில் ஒரு டஜன் வாங்கி வைத்துவிட்டு வர வேண்டும்.

கத்தி ஆணி அடித்து இறுக்கியதாக இல்லாமல் மோதினால் மடங்கிக்கொடுக்கும்படி இருக்கிறதா, அதைத் தாங்கும் அடித்தட்டு கட்டை மேல் ஏறிப்போகும் வட்டத் தட்டாக இருக்கிறதா, முன்னும் பின்னும் சங்கிலித் திரை தொங்குகிறதா, கியர் பாக்ஸுக்கான உதிரி பாகம் ஊருக்குப் பக்கத்து டவுனில் கிடைக்குமா என்ற நாலையும் நேரில் பார்த்துவிட வேண்டும். போட்டோ பார்த்து முடிவு செய்யும் விஷயம் இல்லை இது.

வேட்டியும் சுழல்தண்டும்

540 சுற்று என்பது விநாடிக்கு 9 சுற்று. மூன்று அங்குலத் தண்டில் வேட்டி நுனியோ புடவைத் தலைப்போ சிக்கினால் ஒரே விநாடியில் ஆறடிக்கு மேல் துணியைச் சுற்றிவிடும். கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடைக்காது. தண்டை மூடும் பிளாஸ்டிக் உறை இதற்காகத்தான் இருக்கிறது. உடைந்தால் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது சகஜமாகிவிட்டது.

கதிரடிக்கும் இயந்திரங்களில் கையிழந்தவர்கள் பெருகியதால் 1983-ல் மத்திய அரசு ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. அது நேரடியாகக் குறிப்பிட்டது கதிரடிக்கும் இயந்திரத்தை. தோப்பில் ஓடும் கட்டர் விஷயத்தில் காவல், வாங்குகிறவரின் கவனம்தான். கட்டர் ஓடும்போது நூறு அடிக்குள் ஆளோ மாடோ இருக்கக் கூடாது. தேங்காய் பொறுக்குகிறவர்கள் வேலையை முடித்து வெளியேறிய பிறகே வண்டி நுழைய வேண்டும். சிக்கிய கொடியை எடுக்க எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். டிராக்டரில் இரண்டாவது ஆளுக்கு இடமில்லை.

சொந்தமா, வாடகையா?

4 அடி கட்டர் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் போனால், திரும்பும் நேரமும் ஒன்றன்மேல் ஒன்று வெட்டுவதும் கழித்து, ஒரு ஏக்கருக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம். 5 ஏக்கர் தோப்புக்கு ஏழரை மணி. வருஷத்துக்கு நாலு முறை வெட்டினாலும் 30 மணி நேரம்தான். மற்ற நாளெல்லாம் வண்டி கொட்டகையில் நிற்கும். பாட்டரி இறங்கும், எலி ஒயரைக் கடிக்கும்.

ஆகவே ஐந்து ஏக்கருக்குள் இருப்பவர்கள் முதலில் வாடகைக்கு முயன்று பார்ப்பதே உத்தமம். தமிழ்நாட்டில் வேளாண் பொறியியல் துறை டிராக்டரையும் கருவிகளையும் மணிக் கணக்கில் வாடகைக்கு விடுகிறது. பக்கத்துத் தோப்புக்காரர்கள் மூன்று, நாலு பேர் சேர்ந்து வாங்குவது அடுத்த வழி. விவசாய இயந்திரமயமாக்கலுக்கு 2014-15-ல் தொடங்கிய மத்தியத் திட்டத்தில் விலையில் 40 முதல் 50 சதவீதம் வரை மானியம் தரப்பட்டு வந்திருக்கிறது. மானியத்துக்கு நிலத்தின் பட்டா விண்ணப்பிப்பவர் பெயரில் இருக்க வேண்டும். மாட்டுங்காவில் இருப்பவர் பெயருக்குத் தாத்தாவின் பட்டா இன்னும் மாறாமலிருந்தால், இயந்திரத்துக்கு முன் அந்த வேலையை முடித்தாக வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும் விவசாயக் கருவிகளுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததையும் பில்லில் சரிபார்க்க வேண்டும்.

மத்தியப் பிரதேசத்து புத்னியிலும் ஆந்திரத்து அனந்தப்பூர் அருகே கார்லதின்னேயிலும் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையங்கள் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகின்றன. பி.டி.ஓ.வில் உண்மையில் எத்தனை ஹெச்.பி. கிடைக்கிறது என்பது அந்த அறிக்கையில் இருக்கும். விற்பவரிடம் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

முன்பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. வண்டியை ஓட்டப்போகிறவர் மாட்டுங்காவில் இல்லை. ஊரில் தோப்பைப் பார்த்துக்கொள்கிறவர். அவரையும் கடைக்குக் கூட்டிப்போய், சீட்டில் உட்காரவைத்து, கட்டரை மாட்டிக் கழற்றச் சொல்லுங்கள். கிளட்சை மிதித்தால் வண்டி நிற்கிறதா என்று அவரே பார்க்கட்டும். அவருக்குச் சரிப்படாத இயந்திரம், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் உங்கள் தோப்புக்கு வேண்டாம்.