செல்லுலாய்டு பேனாத் தண்டுகளின் மறுவாக்கம்

செல்லுலாய்டு பேனாத் தண்டுகளின் மறுவாக்கம் என்பது, 1920கள் முதல் 1940கள் வரை மைப்பேனாக்களின் உடலும் மூடியும் செய்யப் பயன்பட்ட பலவண்ணச் செல்லுலாய்டை இன்று மீண்டும் உருவாக்கும் முயற்சியாகும். பழைய பேனாக்களின் உடைந்த பாகங்களுக்கு மாற்றுச் செய்வோரும், பழைய அழகில் புதிய பேனா கடைவோரும் இதில் ஈடுபடுகின்றனர். செல்லுலாய்டுக்கு அழகைத் தந்த அதே கலவைதான் அதன் அழிவுக்கும் காரணம். எனவே பழைய பொருளையே மீண்டும் செய்வதா, வேறு பொருளில் அதன் தோற்றத்தை மட்டும் கொண்டுவருவதா என்பதே இத்துறையின் அடிப்படைக் கேள்வி.

செல்லுலாய்டு என்றால் என்ன?

பருத்திப் பஞ்சு பெரும்பாலும் செல்லுலோஸால் ஆனது. அதை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்ந்த கலவையில் ஊறவைத்தால் நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கிறது. அதில் நைட்ரஜன் அளவு கூடிவிட்டால் அது வெடிபஞ்சு ஆகிவிடும். ஏறத்தாழ 11 விழுக்காட்டில் நிறுத்தினால், எளிதில் தீப்பற்றினாலும் வெடிபஞ்சு அளவுக்குச் சீற்றம் இல்லாத, ஆல்கஹாலில் ஊறி இளகும் ஒரு பொருள் கிடைக்கும். இது தனியே இருந்தால் நொறுங்கும். இதனுடன் கற்பூரத்தைச் சேர்த்துப் பிசைந்தால், கற்பூரம் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கிடையே புகுந்து அவை ஒன்றன்மேல் ஒன்று நழுவ இடம் தருகிறது. இவ்வாறு பதப்பட்ட பொருளே செல்லுலாய்டு. அதன் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கற்பூரம்தான்.

இங்கிலாந்தின் அலெக்சாண்டர் பார்க்ஸ் இவ்வகைப் பொருளை 1862இல் லண்டன் கண்காட்சியில் காட்டினார். பில்லியர்ட்ஸ் பந்துக்கு யானைத் தந்தத்தின் மாற்றைத் தேடிய அமெரிக்கரான ஜான் வெஸ்லி ஹயட், 1870இல் கற்பூரம் சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சீப்பு, பொம்மை, திரைப்படச் சுருள், மேசைப்பந்து எனப் பலவும் பின்னர் இதில் செய்யப்பட்டன.

பேனாவுக்கு வந்த கதை

அதற்குமுன் மைப்பேனாக்கள் எபோனைட்டால், அதாவது கந்தகம் மிகுதியாகச் சேர்த்து இறுக்கிய ரப்பரால் செய்யப்பட்டன. மையைத் தாங்குவதில் எபோனைட் சிறந்தது. ஆனால் அதில் கறுப்பு, சிவப்பு, இவ்விரண்டும் கலந்த சில கோலங்கள் தவிர வேறு நிறங்கள் எளிதில் அமையவில்லை. வெயில் பட்டால் கறுப்பு பழுப்பாகிவிடும்.

1924இல் ஷீஃபர் நிறுவனம் ஜேட் என்னும் பச்சை நிறச் செல்லுலாய்டுப் பேனாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பார்க்கர் 1926இல் தன் டூஃபோல்டு பேனாவைச் செல்லுலாய்டுக்கு மாற்றியது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. 1933இல் வந்த பார்க்கர் வாக்குமாட்டிக்கின் வளையக் கோடுகள் இன்றும் சேகரிப்பாளர்கள் தேடும் கோலங்களுள் ஒன்று.

கோலங்கள் உருவான விதம்

மறுவாக்கத்தின் சிக்கலைப் புரிந்துகொள்ள, பழைய கோலங்கள் எப்படி உருவாயின என்பதை அறிய வேண்டும். ஆல்கஹாலில் நனைந்த நைட்ரோசெல்லுலோஸையும் கற்பூரத்தையும் நிறப்பொடியையும் சப்பாத்தி மாவுபோல் பிசைந்து, சூடான உருளைகளுக்கிடையே தகடாகத் தேய்த்தனர். இத்தகடுகளிலிருந்து மூன்று வகையான கோலங்கள் பிறந்தன.

முதலாவது அடுக்குக் கோலம். வெவ்வேறு நிறத் தகடுகளை அடுக்கி, சூட்டில் அழுத்திப் பாளமாக்கிக் குறுக்கே அறுப்பார்கள். அடுக்கிய வெற்றிலைக் கட்டைக் குறுக்கே நறுக்கினால் வெட்டுமுகத்தில் வரிவரியாகத் தெரிவதைப் போன்றது இது. வாக்குமாட்டிக்கில் நிறத் தகடுகளுக்கிடையே ஒளி ஊடுருவும் தகடுகளும் இருந்தன. அவற்றின் வழியே உள்ளே மை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க முடிந்தது.

இரண்டாவது பளிங்குக் கோலம். பல நிறத் துண்டுகளைக் கலந்து அச்சில் அழுத்துவார்கள். துண்டுகள் இளகிய நிலையில் இருப்பதால் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆனால் நிறங்கள் கரைந்து கலப்பதில்லை.

மூன்றாவது முத்துப் பளபளப்பு. மீன் செதிலிலிருந்து எடுக்கப்படும் குவானின் என்னும் பொருளின் மெல்லிய படிகத் தட்டுகளை மாவில் சேர்த்தனர். உருளையில் தேய்க்கும்போது இத்தட்டுகள் எல்லாம் ஒரே திசையில் படுத்துவிடும். அப்படிப்பட்ட தகட்டைத் துண்டுகளாக்கித் திசை மாற்றி அழுத்தினால், ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு கோணத்தில் ஒளியைத் திருப்பும். பேனாவை விரலில் உருட்டும்போது இருண்ட துண்டு ஒளிர்வதும் ஒளிர்ந்தது இருளுவதும் இதனால்தான்.

பழைய செல்லுலாய்டின் 'ஆழம்' என்று சேகரிப்பாளர்கள் சொல்வது பெரும்பாலும் இந்தத் தட்டுகளின் ஒழுங்கே. ஒளிவிலகல் எண்ணை ஒப்பிட்டால் செல்லுலாய்டு ஏறத்தாழ 1.50, அக்ரிலிக் 1.49. இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆக, தோற்ற வேறுபாடு பெரும்பாலும் செய்முறையிலிருந்து வருகிறது.

பழைய பேனாக்கள் ஏன் கெடுகின்றன?

திறந்து வைத்த கற்பூரம் திரவமாகாமலே காற்றில் கரைந்து போவதை எல்லாரும் பார்த்திருப்போம். செல்லுலாய்டிலிருந்தும் கற்பூரம் அவ்வாறே மெல்ல வெளியேறுகிறது. அதனால் பேனா சுருங்குகிறது. மூடியின் மரை இறுகுகிறது, விளிம்பில் விரிசல் விழுகிறது.

நைட்ரோசெல்லுலோஸும் காலப்போக்கில் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை வெளியிடுகிறது. ஈரத்தோடு சேர்ந்தால் அவை நைட்ரிக் அமிலமாகும். அந்த அமிலம் சிதைவை மேலும் விரைவாக்கும். பொருளுக்குள் வலைபோன்ற நுண்விரிசல்கள் தோன்றுவதும், அருகிலுள்ள பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறுவதும் இதன் அடையாளங்கள். இந்நிலைக்கு வந்த பேனாவை மீட்க வழியில்லை. மற்ற பேனாக்களுக்கும் கேடு பரவாமல் அதைப் பிரித்து வைக்க வேண்டும்.

மையாலும் சிக்கல் இருந்தது. பார்க்கர் உருவாக்கிய, காரத்தன்மை மிக்க, விரைவில் உலரும் மை செல்லுலாய்டைத் தாக்கியது. 1941இல் வந்த பார்க்கர் 51 அக்ரிலிக்கால் செய்யப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். போருக்குப்பின் அச்சில் ஊற்றி நொடிகளில் செய்யக்கூடிய பிளாஸ்டிக்குகள் மலிவாகக் கிடைத்ததால், மாதக்கணக்கில் உலர வேண்டிய செல்லுலாய்டு மெல்லப் பின்வாங்கியது. மேசைப்பந்து விளையாட்டிலும் 2014 முதல் செல்லுலாய்டு அல்லாத பந்துகள் வந்துவிட்டன.

எந்த நிறத்தைப் பின்பற்றுவது?

மறுவாக்கம் செய்வோர் முதலில் தீர்க்க வேண்டியது இதுதான். இன்று நம் கையில் இருக்கும் பழைய பேனாவின் நிறம், அது கடையில் விற்கப்பட்ட நாளில் இருந்த நிறம் அன்று. ரப்பர் மைப்பையிலிருந்து வெளிப்படும் கந்தக வாயுக்கள் பேனா உடலின் நிறத்தை மாற்றிவிடுகின்றன. ஜேட் பச்சைப் பேனாக்கள் பலவற்றில் மூடி பச்சையாகவும் உடல் கருத்த பழுப்பாகவும் இருப்பது இதனால்தான்; மைப்பை இருப்பது உடலில், மூடியில் இல்லை.

எனவே அசல் நிறத்தை அறிய மூடியையும், கிளிப்புக்கு அடியிலும் உலோக வளையத்துக்கு அடியிலும் ஒளி படாத இடங்களையும் பார்க்க வேண்டும். ஆனால் பழுதான மூடிக்கு மாற்று மூடி செய்வோர் புதுப் பச்சையில் செய்தால் பழைய உடலோடு அது பொருந்தாது. புதிய பேனாவுக்கு அன்றைய நிறம், பழுதுபார்ப்புக்கு இன்றைய நிறம் என்று நோக்கத்துக்கேற்ப முடிவு செய்வதே முறை.

மறுவாக்கும் வழிகள்

செல்லுலாய்டையே பயன்படுத்துதல்: பழைய தொழிற்சாலைகளில் மிஞ்சிய தண்டுகளை வாங்கிக் கடைவது ஒரு வழி. இந்த இருப்பு குறைந்துகொண்டே போகிறது. புதிதாகச் செய்வதும் உண்டு. ஜப்பானின் பிளாட்டினம் நிறுவனம் அண்மைக் காலம் வரை செல்லுலாய்டுப் பேனாக்களை விற்றுவந்துள்ளது. ஆனால் ஆல்கஹால் முழுவதும் வெளியேறும்வரை தண்டைப் பதப்படுத்தாமல் கடைந்தால், பேனா பின்னர் சுருங்கி மரைகள் பொருந்தாமல் போகும். சரக்குப் போக்குவரத்து விதிகளில் செல்லுலாய்டுத் தண்டு எரியக்கூடிய திடப்பொருள் என்னும் அபாய வகையில் உள்ளதால் அனுப்புவதும் எளிதன்று.

செல்லுலோஸ் அசிட்டேட்: மூக்குக்கண்ணாடிச் சட்டங்களில் நாம் காணும் பொருள் இது. செல்லுலாய்டின் உறவினர் எனலாம். சூட்டில் இளகும், தகடாகத் தேய்க்கலாம், அடுக்கி ஒட்டலாம். எனவே பழைய செய்முறையையே பெருமளவு பின்பற்ற முடிகிறது. தீப்பற்றும் அபாயமும் மிகக் குறைவு. ஆனால் ஈரத்தை உறிஞ்சி அளவு மாறும் குணம் உண்டு. நெடுங்காலத்தில் இதுவும் சிதைந்து புளிக்காடி மணம் வீசக்கூடும்.

வார்ப்புப் பிசின்: பாலியெஸ்டர், பாலியூரித்தேன், அக்ரிலிக் வகைப் பிசின்களை அச்சில் ஊற்றுவது சிறு பட்டறைகளில் இன்று பரவலான முறை. குவானினுக்குப் பதில் மைக்கா, அதாவது காக்காய்ப்பொன் பொடி சேர்க்கப்படுகிறது. பாலியெஸ்டரும் பாலியூரித்தேனும் ஒருமுறை இறுகியபின் மீண்டும் இளகா. ஆகவே செல்லுலாய்டில் இளகிய திடநிலையில் செய்ததை இங்கே திரவநிலையில் செய்ய வேண்டும். பிசின் மிக நீர்த்திருக்கும்போது ஊற்றினால் நிறங்கள் கலந்து சேறாகும். மிகக் கெட்டியானபின் ஊற்றினால் இடைவெளிகளும் குமிழ்களும் நிற்கும். இரண்டுக்கும் இடையிலான சில நிமிடங்களில்தான் வேலை. குமிழ்களைச் சிறுத்துப்போகச் செய்ய அச்சை அழுத்தக் கலத்துக்குள் வைத்து, பிசின் இறுகும்வரை காற்றழுத்தத்தில் வைப்பார்கள்.

அடுக்குக் கோலத்துக்கு மெல்லிய தகடுகளைத் தனித்தனியே வார்த்து ஒட்டிக் குறுக்கே அறுக்கலாம். பளிங்குக் கோலத்துக்கு நிறப் பாளங்களை உடைத்து, துண்டுகளை வேறு நிறப் பிசினில் பதிக்கலாம். ஆனால் இங்கே துண்டுகளின் ஓரம் கூர்மையாகவே நிற்கும். செல்லுலாய்டில் போல இணைந்து இழையாது. மைக்காத் தட்டுகளும் உருளையில் தேய்த்தது போல ஒரே ஒழுங்கில் படுப்பதில்லை. ஊற்றிய ஓட்டத்தின் போக்கில்தான் திரும்பும். கைதேர்ந்தவர்கள் ஊற்றும் திசையையும் வேகத்தையும் கட்டுப்படுத்தி இந்த ஒழுங்கை ஓரளவு கொண்டுவருகிறார்கள்.

கடைசலும் பாதுகாப்பும்

தண்டு எதுவானாலும், பேனாவாவது கடைசல் எந்திரத்தில்தான். தமிழ்நாட்டில் திருவள்ளூரிலுள்ள ரங்கா நிறுவனம் எபோனைட், அக்ரிலிக் தண்டுகளைக் கடைந்து பேனா செய்வது இத்தொழிலுக்கு நமக்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு. அந்தப் பொருள்களில் பழகிய கை செல்லுலாய்டில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். செல்லுலாய்டு கொதிநீரின் சூட்டுக்கும் கீழேயே இளகும். மழுங்கிய உளி, அதிவேகம், உலர்ந்த நிலையில் உப்புத்தாள் தேய்ப்பு ஆகியவை சூட்டைக் கிளப்பும். தண்டைவிடத் துருவலே அதிக ஆபத்தானது; மெல்லிய இழைகளாகக் குவிந்திருப்பதால் ஒரு பொறி பட்டாலும் நொடியில் பற்றிக்கொள்ளும். எனவே துருவலை உடனுக்குடன் அள்ளி நீரில் இட வேண்டும். வேலை செய்யும் இடத்தில் விளக்கு, அடுப்பு, புகைபிடித்தல் எதுவும் கூடாது.

முடிந்த பேனாவையும் காற்றுப் புகாத பெட்டியில் பூட்டி வைக்கக் கூடாது. வெளிப்படும் வாயு உள்ளேயே தங்கிச் சிதைவைத் தூண்டும். குளிர்ந்த, உலர்ந்த, காற்றோட்டமுள்ள இடமே ஏற்றது.

அசலையும் மறுவாக்கத்தையும் பிரித்தறிதல்

நல்ல மறுவாக்கம் ஒரு சிக்கலையும் கொண்டுவருகிறது. புதிய பிசின் மூடி பொருத்திய பழைய பேனாவை முழு அசல் என்று நம்பி வாங்குவோர் உண்டு. சூடான ஊசியால் குத்திப் பார்ப்பது, தீயில் காட்டுவது போன்ற சோதனைகளை ஒருபோதும் செய்யக் கூடாது. பேனாவும் பாழாகும், கையும் வெந்துபோகும். துணியால் தேய்த்துச் சற்றே வெதுவெதுப்பாக்கினால் செல்லுலாய்டில் கற்பூர மணம் வருவதுண்டு.

உதிரித் துண்டு கிடைத்தால் அடர்த்தியைச் சோதிக்கலாம். உப்பு இனிக் கரையாது என்னும் அளவுக்குக் கரைத்த நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.20. அக்ரிலிக் 1.18 அளவில் இருப்பதால் அதில் மிதக்கும். செல்லுலாய்டு 1.35க்கு மேல் இருப்பதால் மூழ்கும். ஆனால் செல்லுலோஸ் அசிட்டேட்டும் மூழ்கும் என்பதால், மிதந்தால் செல்லுலாய்டு இல்லை என்று மட்டுமே இச்சோதனை உறுதி செய்யும். முழுப் பேனாவை நீரில் இடக் கூடாது.

எல்லாவற்றிலும் எளிய வழி, செய்தவரே சொல்லிவிடுவது. மாற்றுப் பாகத்தின் உட்புறத்தில், வெளியே தெரியாத இடத்தில், ஆண்டையும் பொருளின் பெயரையும் பொறித்துவிட்டால், பின்னாளில் அந்தப் பேனா யார் கைக்குப் போனாலும் எது பழையது, எது புதியது என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.